டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? டீசல் பம்பைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

நிலம் உழவுக்குப் பதமாக இருந்த ஒரு காலையில் என் டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் (சாவியைத் திருப்பினால் இஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார்) நன்றாகச் சுற்றியது, இஞ்சின் பிடிக்கவில்லை. வந்த மெக்கானிக் பத்து நிமிடம் பார்த்துவிட்டு டீசல் பம்ப் போய்விட்டது என்றார். பம்பைக் கழற்றி, தனியாக மாட்டி ஓட்டி அளவு பார்க்கும் பெஞ்ச் சோதனைக்கு அனுப்பினோம். நான்கு நாள் கழித்து, குறை எதுவும் இல்லை என்று எழுதிய தாளுடன் அது திரும்பி வந்தது. மாட்டிப் பார்த்தால் மறுபடியும் அதே நிலைமை. கடைசியில் கோளாறு இருந்த இடம், டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு (டேங்க் டீசலை உறிஞ்சி டீசல் பம்புக்குத் தள்ளும் சின்ன பம்ப்) வரும் குழாயின் முனையில் இருந்த ஒரு செப்பு வாஷர். விரல் நகம் அளவுதான் இருக்கும். அது தேய்ந்து, அந்த வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குள் நிலத்தின் பதம் போய்விட்டது.

அந்த நான்கு நாளும் பம்புக்குக் கொடுத்த கூலியும் இன்னொருவருக்குப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். புதிதாக டிராக்டர் வாங்கியவர்களுக்கும், ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் புரியும்படி, நான் இப்போது பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன். பழைய முறை மெக்கானிக்கல் பம்ப் உள்ள இஞ்சின்களை வைத்துத்தான் சொல்கிறேன். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் செலுத்தும் காமன் ரெயில் இஞ்சினுக்குத் தனியாக 8-ஆம் படி இருக்கிறது. உங்களுடையது அந்த வகை என்றால் முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயம் மனதில் இருந்தால் போதும். டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே அது பிடிக்க மூன்று வேண்டும்: இஞ்சின் போதுமான வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று கலக்காத டீசல், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில் வரை போக வேண்டும், சிலிண்டரில் அழுத்தம் இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

1. கருவியை எடுக்கும் முன் காகிதத்தை எடுங்கள்

டிராக்டரோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். ஏர் எடுக்கும் (டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றும்) ஸ்குரூ எங்கே இருக்கிறது, எந்த வரிசையில் திறக்க வேண்டும், ஃப்யூஸ் பெட்டி எங்கே, குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டரை எத்தனை வினாடி போட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மாடலுக்கு மாடல் இது மாறும், பக்கத்து வயல்காரர் டிராக்டரில் பார்த்தது உங்களுடையதற்குப் பொருந்தாமல் போகலாம்.

அப்புறம் வாரண்டி அட்டை. வாரண்டி இன்னும் இருந்தால், டீசல் பம்பில் உள்ள சீலை நீங்களோ வெளி மெக்கானிக்கோ தொடவே கூடாது. சீல் உடைந்திருந்தால் பிறகு எதையும் கேட்க முடியாது. பேட்டரிக்குத் தனி வாரண்டி இருக்கும், அதன் பில்லும் கைவசம் இருக்கட்டும். இஞ்சின் தகட்டையும் பம்ப் மேல் உள்ள தகட்டையும் போனில் படம் எடுத்துவையுங்கள். உதிரிபாகம் வாங்கப் போகும்போது அந்த எண்கள் இல்லாமல் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர்.

ஒரு நோட்டில் இதை எழுதுங்கள்: இஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மணி மீட்டரில் என்ன எண், கடைசியாக என்ன வேலை பார்த்தது, ஃபில்டர் எப்போது மாற்றியது, டீசல் எப்போது நிரப்பியது, டேங்க் காலியாகும் வரை ஓட்டினீர்களா, எத்தனை நாள் சும்மா நின்றது, மழையில் நனைந்ததா. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றதா, இல்லை நேற்று நன்றாக ஓடிவிட்டு இன்று காலையில் பிடிக்கவில்லையா என்பது ரொம்ப முக்கியம். ஃபில்டர் மாற்றிய மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஏர் பிடித்திருக்கிறது என்று அப்போதே பாதி தெரிந்துவிடும்.

கருவி அதிகம் தேவையில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர், 10 முதல் 19 வரை ஸ்பேனர்கள், ஒரு கண்ணாடி பாட்டில், சுத்தமான துணி, ஒரு மீட்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், நான்கைந்து புதிய செப்பு வாஷர்.

2. உயிருக்கு ஆபத்தான நான்கு தவறுகள்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். பின்னால் தூக்கி நிற்கும் கருவியைத் தரையில் இறக்குங்கள். கியர் நியூட்ரலில், பிடிஓ (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றும் தண்டு) ஆஃபில் இருக்கட்டும். இதைச் செய்துவிட்டுத்தான் அடுத்தது.

முதல் தவறு, தரையில் நின்றுகொண்டு செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளை ஸ்குரூடிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்வது. இப்படிச் செய்தால் நியூட்ரல் சுவிட்சு, கிளட்ச் சுவிட்சு எதுவும் காப்பாற்றாது. கியரில் இருந்தால் இஞ்சின் பிடித்த உடனே டிராக்டர் நகரும், நிற்கும் இடமோ பின்சக்கரத்துக்கு முன்னால். இதில் உயிர் போனவர்கள் உண்டு. அவசரம் என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, இஞ்சின் சீக்கிரம் பிடிக்கட்டும் என்று காற்று வழியில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரே. ஹீட்டர் பிளக்கோ, காற்று வழியில் ஹீட்டரோ உள்ள இஞ்சினில் இதை அடித்தால் சூடான கம்பியில் பட்டு நேரம் தவறி வெடிக்கும், பிஸ்டன் உடையலாம். நான் இதை எந்த இஞ்சினுக்கும் பயன்படுத்துவதில்லை.

மூன்றாவது, டீசல் கசிகிறதா என்று நாசில் குழாயைக் கையால் தடவிப் பார்ப்பது. நாசிலுக்குப் போகும் டீசல் 200 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு, அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தில் இருக்கிறது. ஊசித் துளையிலிருந்து பீறிட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டைப் பிடித்தால் போதும்.

நான்காவது, பேட்டரி பக்கத்தில் தீப்பொறி. சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். வேறு பேட்டரியிலிருந்து கேபிள் கொடுக்கும்போது பாசிட்டிவ்வைப் பாசிட்டிவ்வோடு இணையுங்கள். நெகட்டிவ்வின் கடைசி முனையைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இருக்கும் இஞ்சின் இரும்பில் மாட்டுங்கள்.

3. சத்தத்தைக் கேளுங்கள், சைலன்சரைப் பாருங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒருவர் சாவியைத் திருப்பட்டும், நீங்கள் பாதுகாப்பாகத் தள்ளி நின்று கவனியுங்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 15 வினாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். அப்புறம் இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள். விடாமல் சுற்றினால் செல்ஃப் சூடேறி எரிந்துவிடும், ஒரு கோளாறோடு இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது டக் டக் என்று மட்டும் கேட்கிறது, அல்லது இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுகிறது என்றால் 4-ஆம் படிக்குப் போங்கள். நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் துளிகூடப் புகை இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்கு வரவில்லை, 5-ஆம் படி. நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, கண் எரியும்படி பச்சை டீசல் வாடை அடிக்கிறது என்றால் டீசல் வருகிறது, ஆனால் பற்றவில்லை. அதற்கு 6-ஆம் படி. ஒரே ஒரு கனமான டொக் சத்தத்தோடு அப்படியே நின்றுவிட்டால் மேலும் சுற்றாதீர்கள், 7-ஆம் படியைப் படியுங்கள்.

என் டிராக்டரில் அன்று புகையே இல்லை. அதை நானும் பார்த்தேன், மெக்கானிக்கும் பார்த்தார். புகை இல்லை என்றால் டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பாதையில் எங்கு வேண்டுமானாலும் தடை இருக்கலாம். அந்தப் பாதையைப் பார்க்காமல் கடைசியில் இருக்கும் பம்பை முதலில் கழற்றியதுதான் எங்கள் பிழை.

4. சுற்றவில்லை, அல்லது மெதுவாகச் சுற்றுகிறது

பேட்டரியில் மீட்டரை வையுங்கள். சில மணி நேரம் சும்மா இருந்த 12 வோல்ட் பேட்டரியில் 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் மேலே எதையும் சோதிக்க வேண்டாம், எல்லா முடிவும் தப்பாகவே வரும். அடுத்து, செல்ஃப் சுற்றும்போதே மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால், பேட்டரி வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பலம் இல்லை என்று அர்த்தம். வேகமாக டக் டக் டக் என்று கேட்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

புதிய பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன் டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள். நெகட்டிவ்வை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். தெரியாதது கிளாம்புக்கும் முனைக்கும் நடுவே இருக்கும் கறுத்த மெல்லிய படலம். வெளியே பளபளப்பாக இருக்கும் கிளாம்பைக் கழற்றினால் உள்பக்கம் சாம்பல் பூசியதுபோல் இருக்கும், அதில் கரண்ட் போகாது. உப்புத்தாளால் இரண்டையும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். 20 நிமிட வேலை, செலவு ஒன்றும் இல்லை.

அதே அளவு முக்கியமானது எர்த் கேபிள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இஞ்சின் இரும்பிலும் வைத்து, செல்ஃபைச் சுற்றச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் தடை இருக்கிறது. பெயின்ட்டும் துருவும் இருக்கும் இடத்தில் போல்ட் முறுக்கியிருப்பார்கள், அங்கே சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கேபிளைக் கையால் வளைத்துப் பாருங்கள். ரப்பர் உறைக்குள் செம்பு பச்சையாகப் பொடிந்திருந்தால் அந்த இடம் கரகரவென்று இருக்கும்.

சத்தமே இல்லை என்றால் ஃப்யூஸ், அப்புறம் கிளட்ச் சுவிட்சு, நியூட்ரல் சுவிட்சு, பிடிஓ சுவிட்சு, சீட் சுவிட்சு. கிளட்சை முழுவதுமாக மிதித்து, கியர் லீவரை ஆட்டி நியூட்ரலில் விட்டு, பிடிஓ லீவரையும் ஒரு தடவை போட்டு எடுத்து முயன்று பாருங்கள். பல தடவை இதிலேயே சரியாகிவிடும். சுவிட்சு கெட்டிருந்தால் புதிதாக மாற்றுங்கள். ஒயரை நேராக இணைத்துவிட்டால் போதும் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், 2-ஆம் படியில் சொன்ன விபத்துக்கு அதுவும் ஒரு வழி.

5. சுற்றுகிறது, புகை இல்லை: டீசல் பாதை

அதிகமானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். டேங்கில் ஆரம்பித்து, டீசல் போகும் திசையிலேயே நீங்களும் போங்கள். நடுவில் எங்கும் தாவ வேண்டாம்.

முதலில் ஸ்டாப் கேபிள். இஞ்சினை நிறுத்த இழுக்கும் அந்தக் குமிழ் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா? குமிழ் உள்ளே போயிருந்தாலும் பம்ப் பக்கம் லீவர் திரும்பாமல் துருப்பிடித்து நின்றிருக்கலாம், போய்க் கண்ணால் பாருங்கள். கேபிளுக்குப் பதிலாக மின்சார சோலினாய்டு (கரண்டில் வேலை செய்யும் வால்வு) இருந்தால், சாவியை ஆன் செய்யும்போது பம்ப் மேல் ஒரு சின்ன டிக் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதன் ஒயரில் கரண்ட் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். பெரும்பாலான வகைகளில் கரண்ட் வந்தால்தான் டீசல் திறக்கும். ஒரு ஃப்யூஸ் போனதற்காகப் பம்பைக் கழற்றக் கூடாது அல்லவா.

அடுத்தது டேங்க். அளவு காட்டும் முள்ளை நம்பாமல் சுத்தமான குச்சியை விட்டுப் பாருங்கள். டீசலைத் திறந்து மூடும் டேப் திறந்திருக்கிறதா பாருங்கள். மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அரை மணி ஓடி நின்று, சற்று நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகும் டிராக்டரில் இதை முதலில் பாருங்கள்.

இப்போது தண்ணீர். டீசலில் உள்ள தண்ணீரும் அழுக்கும் தங்கும் செடிமென்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள ஸ்குரூவைத் திறந்து, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயும் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் பழுப்பாகச் சளிபோல் ஒரு படலம் இருந்தால் டேங்கில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது, டேங்கைக் காலி செய்து கழுவாமல் ஃபில்டர் மட்டும் மாற்றினால் ஒரு வாரம்கூடத் தாங்காது. டீசலாலேயே உயவு பெறும் ரோட்டரி பம்ப் உங்களுடையது என்றால் தண்ணீரோடு அதைச் சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள், உண்மையிலேயே பம்ப் போய்விடும்.

ஃபில்டர் எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், யோசிக்க ஒன்றும் இல்லை. பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எடுக்காமல் புதியதை வைத்தால் காற்று இழுக்கும். புதிய ஃபில்டரில் டீசல் ஊற்றி மாட்டுபவர்கள் நடுத் துளையில் ஊற்றக் கூடாது. அது வடிகட்டிய பக்கம், அங்கே விழும் தூசி நேராகப் பம்புக்குப் போகும். ஊற்றாமல் மாட்டி, கையால் அடித்து டீசலை ஏற்றும் பிரைமரால் நிரப்புவதே நல்லது.

இனி ஏர் எடுப்பது. பயப்படும்படி எதுவும் இல்லை, முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும், பழகினால் கால் மணி. சுற்றியுள்ள அழுக்கை முதலில் துடைத்துவிடுங்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பில் உள்ள பிரைமரை அடியுங்கள். முதலில் ஒன்றும் வராது, அப்புறம் நுரையாக வரும், பிறகு குமிழ் குமிழாக வரும், கடைசியில் குமிழே இல்லாமல் ஒரே ஒழுக்காக வரும். அது வரும்போதே, பிரைமரை விடாமல், ஸ்குரூவை இறுக்குங்கள். இரண்டாவது ஃபில்டர் இருந்தால் அதற்கும் இப்படியே, பிறகு பம்பில் உள்ள ஸ்குரூவுக்கு.

லீவர் வகை பிரைமர் சில நேரம் தொளதொளவென்று ஆடும், டீசலைத் தள்ளாது. ஃபீட் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். உள்ளே ஃபீட் பம்பை இயக்கும் கேம் (மேடுள்ள தண்டு) மேட்டில் நின்றிருந்தால் லீவருக்கு வேலை இருக்காது. இஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். இது தெரியாமல் நல்ல ஃபீட் பம்பை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக நாசில். பம்பிலிருந்து வரும் குழாய் நட்டை ஒவ்வொரு நாசிலிலும் அரை முதல் ஒரு சுற்று தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் வைத்து, ஸ்டாப் குமிழ் உள்ளே இருக்க, செல்ஃபைச் சுற்றச் சொல்லுங்கள். கண்ணாடி அணிந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நட்டைச் சுற்றி டீசல் துடித்துத் துடித்து வர வேண்டும். குமிழ் நின்றதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பெரும்பாலும் எல்லாவற்றையும் இறுக்குவதற்குள்ளேயே இஞ்சின் பிடித்துவிடும்.

பிடித்தது, ஒரு நிமிடம் ஓடியது, நின்றுவிட்டது. மறுபடி ஏர் எடுத்தால் மறுபடி ஒரு நிமிடம் ஓடுகிறது. இப்படி என்றால் எங்கோ காற்றை இழுக்கிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாயில் டீசலை உறிஞ்சி எடுப்பதால், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். காய்ந்து சுத்தமாகத் தெரியும் இணைப்பில்தான் கோளாறு இருக்கும், என்னை ஏமாற்றியதும் அதுதான். இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஒளி ஊடுருவும் குழாய். ஃபீட் பம்புக்குள் நுழையும் இடத்தில், பழைய குழாய்க்குப் பதிலாக அதைத் தற்காலிகமாக மாட்டி, கிளிப்பால் இறுக்கி, பிரைமரை அடித்துப் பாருங்கள். என் டிராக்டரில் மாட்டியபோது மஞ்சள் டீசலுக்குள் மணி மணியாகக் காற்று வரிசைகட்டி வந்தது. நான்கு நாள் தேடியது இரண்டு நிமிடத்தில் கண்முன் ஓடியது.

அதன்பின் டேங்க் பக்கமாக ஒவ்வோர் இணைப்பாகப் போய் வாஷரை மாற்றுங்கள். குழாய் முனையில் உள்ள வளையத்தின் வழியாக முறுக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டில், வளையத்தின் இரண்டு பக்கமும் வாஷர் உண்டு, ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு தடவை நசுங்கிய செப்பு வாஷரைத் திரும்பப் போட்டு இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று நினைக்க வேண்டாம், போல்ட்தான் உடையும். ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால், குழாயை வளைத்தால்தான் தெரியும்.

குழாயில் காற்று இல்லை, பிரைமர் அடித்தால் டீசல் வருகிறது, ஆனால் செல்ஃப் சுற்றும்போது ஃபீட் பம்ப் டீசலைத் தள்ளவில்லை என்றால் அப்போது ஃபீட் பம்பைச் சந்தேகிக்கலாம். கூடவே இஞ்சின் ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால், ஃபீட் பம்புக்குள் உள்ள டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்து டீசல் இஞ்சினுக்குள் இறங்குகிறது. அந்த ஆயிலோடு இஞ்சினை ஓட்டவே கூடாது, பேரிங் போய்விடும்.

6. வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவில்லை

டீசல் வருகிறது என்பதால் மனம் பம்பை விட்டு வரட்டும். முதலில் சுற்றும் வேகம். மெதுவாகச் சுற்றினால் அழுத்திய காற்றின் சூடு சுவரிலேயே போய்விடும், டீசல் பற்றாது. ஆகவே 4-ஆம் படியை ஒரு தடவை முடித்துவிட்டு வாருங்கள்.

குளிர்ந்த காலையில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் ஹீட்டர். ஹீட்டர் பிளக் ஒவ்வொன்றின் ஒயரையும் கழற்றி, பிளக் முனைக்கும் இஞ்சின் இரும்புக்கும் நடுவே மீட்டரில் ஓம் பாருங்கள். நல்ல பிளக் ஓரிரு ஓமுக்குள் காட்டும். எண்ணே காட்டவில்லை என்றால் அது அறுந்துவிட்டது. எல்லா பிளக்கிலும் கரண்ட் வரவில்லை என்றால் ரிலேயையும் ஃப்யூஸையும் பாருங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற டிராக்டரின் காற்றுக் குழாயில் எலி கூடு கட்டியிருக்கும். சைலன்சர் வாயிலும் குருவிக் கூடு இருக்கலாம்.

இவை சரி என்றால் மிஞ்சுவது நாசில், வால்வு இடைவெளி, அழுத்தம். அழுத்தம் பார்க்க டீசலுக்கென்றே உள்ள கேஜ் வேண்டும், பெட்ரோல் இஞ்சின் கேஜ் தாங்காது. நல்ல நிலையில் உள்ள டீசல் இஞ்சின் வழக்கமாக 25 முதல் 30 பார் வரை காட்டும். உங்கள் இஞ்சினின் சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் மிகக் குறைந்தால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ ரிங்கோ. இது தெரிந்தவர் கையில் விட வேண்டிய வேலை. ஆனால் கேஜ் வைத்துப் பார்த்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். எண் இல்லாமல் இஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

7. டொக் என்று நின்றுவிட்டது

சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ நிறைந்திருக்கலாம். திரவத்தை அழுத்த முடியாது, மேலும் மேலும் சாவியைத் திருப்பினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கிறதா, மூடி இல்லாத நேர் சைலன்சரில் மழை இறங்கியதா என்று பாருங்கள். கிராங்க் புல்லி போல்ட்டில் பெரிய ஸ்பேனர் போட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் முட்டி நின்றால் நாசில்களைக் கழற்றிவிட்டு, துளைகளுக்கு நேராக யாரும் நிற்காமல், கையாலேயே சுற்றி வெளியேற்ற வேண்டும். தண்ணீர் வந்தால் அது எப்படி உள்ளே போனது என்று தெரியும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாமா என்று இந்த நேரத்தில்தான் யாராவது கேட்பார்கள். இந்த நிலையில் இழுத்தால் இஞ்சின் உடையும். ஏர் பிடித்திருந்தாலும் இழுப்பதால் பயன் இல்லை.

8. காமன் ரெயில் இஞ்சின் என்றால்

நாசில் குழாய் நட்டைத் தளர்த்தவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல், இஞ்சின் நின்ற பிறகும் உடனே இறங்காது. நீங்கள் பார்க்கக் கூடியது பேட்டரி, எர்த், ஃப்யூஸ், டேங்க், தண்ணீர், ஃபில்டர், உறிஞ்சும் பக்கக் குழாய். டேஷ்போர்டில் வரும் பிழை எண்ணைப் படம் எடுத்துவையுங்கள். மற்றது ஸ்கேனர் வைத்திருப்பவர் வேலை. பேட்டரி பலம் குறைந்தாலே இந்த இஞ்சின்கள் ஸ்டார்ட் ஆகாமல் கண்டபடி பிழை எண் காட்டும், அதனால் 4-ஆம் படியை முடிக்காமல் அழைக்க வேண்டாம்.

9. வெளி ஆளை அழைப்பது என்று முடிவானால்

செலவு எப்படி ஏறும் என்று தெரிந்திருந்தால் ஏமாற மாட்டீர்கள். வாஷர், கிளிப், ரப்பர் குழாய், ஃப்யூஸ் கைச்செலவு. அதற்கு மேல் ஃபில்டர், அப்புறம் ஹீட்டர் பிளக், ஃபீட் பம்ப். பேட்டரியும் செல்ஃப் வேலையும் நடுத்தரம். நாசில் சோதனைக்கு ஒரு நாள் போகும். பம்ப் பெஞ்ச் வேலைக்குப் போக வர எல்லாம் சேர்த்து பல நாள் வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் பிரிப்பு வாரக் கணக்கு. கீழே இருப்பதை முடிக்காமல் மேலே இருப்பதைத் தொட விடாதீர்கள்.

பம்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், கழற்றும் முன் பம்ப் விளிம்பிலும் இஞ்சின் தகட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறச் சொல்லி, படம் எடுங்கள். டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. குழாய் முனைகளைத் துணி திணிக்காமல் மூடி போட்டு அடைக்க வேண்டும், துணி நூல் ஒன்று போதும் நாசிலை அடைக்க. பெஞ்சில் சோதிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் உள்ள தாள், மாற்றிய பாகங்கள் எழுதிய பில், கழற்றிய பழைய பாகங்கள், இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கூலி எவ்வளவு, குறை இல்லை என்றால் எவ்வளவு என்பதைக் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். நான் பேசவில்லை, குறை இல்லாத பம்புக்கும் முழுக் கூலி கொடுத்தேன்.

10. பிடித்துவிட்டது, உடனே வயலுக்குப் போகாதீர்கள்

ஆயில் பிரஷர் விளக்கு சில வினாடியில் அணைய வேண்டும், அணையாவிட்டால் நிறுத்துங்கள். பத்து நிமிடம் ஓட விட்டு, தளர்த்திய ஒவ்வொரு நட்டிலும் ஓர் அட்டையைக் காட்டிக் கசிவு பாருங்கள். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது. இல்லை என்றால் நாளைக் காலை இதே இடத்தில் நிற்பீர்கள், பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் இன்றே பாருங்கள்.

பிறகு அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சின்னக் காற்றுக் கசிவு இருந்தால் நிற்கும் நேரத்தில்தான் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கும். அந்த இரண்டாவது ஸ்டார்ட் சட்டென்று பிடித்தால் நோட்டில் தேதியும் மணி மீட்டர் எண்ணும் என்ன மாற்றினீர்கள் என்பதும் எழுதிவிட்டு, கருவியை மாட்டலாம்.